செவ்வாய்க்கிழமை, பத்துலருந்து ஒண்ணுக்குள்ள

உதவித்தொகைக்கு மறுபடியும் விசாரிக்கிறார்களாம்,
நேரில் வர வேண்டாமாம்,
செவ்வாய்க்கிழமை பத்துலருந்து ஒண்ணுக்குள்ள
போன் வருமாம்.
சூலூர் ஆபீசு மாடிப்படி மிச்சம் என்று
ரெண்டு நாள் சந்தோசமாக இருந்தோம்.

அப்புறம்தான் உறைத்தது:
போனில் என் கால் தெரியாது.
குரல் மட்டும்தான் போகும்.
என் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.
பதினெட்டு வருசம் சோமனூர்த் தறிச் சத்தத்துக்கு மேலே
பேசிப் பழகின குரல்,
எட்டாவது தறியில் நிற்பவனுக்கும்
இழை அறுந்ததைச் சொல்லும்.

வசந்தாமணி அதிகாரி ஆனாள்.
ரசத்துக்கு அடுப்பைச் சிறுசாக்கிவிட்டு
கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"வணக்கம்ங்க. ராக்கியப்பனுங்களா? நல்லா இருக்கறீங்களா?"

"நல்லா இருக்கறனுங்க. நீங்க நல்லா இருக்கறீங்களா?"

கரண்டியைக் கீழே வைத்தாள்.
"முடிஞ்சுது போங்க. எழுதிக்கிட்டாங்க."

எனக்கு வேறு பதில் வராது.
பாவு பீம் இடுப்பில் விழுந்து
பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது
பார்க்க வந்த ஓனரிடமும் அதைத்தான் சொன்னேனாம்.
எங்கள் பக்கம் அது பதிலே இல்லை,
கேட்டவர் உட்கார எடுத்துப் போடுகிற பாய்.

மறுபடி கரண்டி.
"எத்தன தூரம் நடப்பீங்க?"
"வாசல் வரைக்கும்."
"எப்ப?"
"பொங்கலன்னிக்கு. செவுத்தப் புடிச்சிக்கிட்டு."
"அதுக்கப்புறம்?"
ரசம் பொங்கியது, இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.
"நல்ல நாளைச் சொன்னா
நல்ல நாளுக்குத்தான் கணக்குப் போடுவாங்க.
மத்த நாளெல்லாம் நாம ரெண்டு பேரும் எங்க போறது?"

"கூட்டிச் சொல்ல மாட்டேன் வசந்தா."

"கூட்ட வேண்டாம்.
கழிக்காமச் சொல்லுங்க."

ராத்திரி, கிழித்த காலண்டர் தாளின் பின்னால்
எழுதிக் கொடுத்தாள். கோணல் எழுத்து.
மூத்திரப் பை, காலைல ஒருக்கா பொழுதோட ஒருக்கா.
முதுகுப் புண்ணு ரெண்டு. ஒண்ணு ஆறிருச்சு.
ராத்திரி மூணு தரம் திருப்பிப் படுக்க வைக்கோணும்.
மூணு தரமா?
நான் தூங்குகிறவன். எனக்கு ஒரு தரம்தான் தெரியும்.

கடைசியில் ஒரு வரி, பேனாவால் அடித்திருந்தாள்.
வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன்.
தூக்கித் தூக்கி என்ற இடுப்பும் போச்சு.
"அதை எதுக்கு அடிச்சே?"
"என்னையவா கேக்கப் போறாங்க" என்றாள்,
விளக்கை அணைத்தாள்.

பக்கத்துக் குடோன் திருமூர்த்தியிடம் சொல்லி வைத்தோம்.
"மூணு மணி நேரம் தறி நின்னா மீட்டர் போயிருமுங்க.
போன் வந்ததும் செவுத்தத் தட்டுங்க, நிறுத்திப்போடறேன்."

செவ்வாய். பத்து. பதினொண்ணு.
போன் கையில் வேர்த்தது.
பன்னெண்டே முக்காலுக்கு,
பதினோரு நாள் கழித்து,
குழாயில் ஆத்துத்தண்ணி வந்துவிட்டது.
கதவையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்,
குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அடித்தது.

சுவர் நாலு எட்டில் இருந்தது.
கையை நீட்டிப் பார்த்தேன்.
செருப்பை எறியலாம், அதுவும் கட்டிலுக்கு அடியில்.
தறிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

"ராக்கியப்பனுங்களா? நல்லா இருக்கறீங்களா?"
சின்ன வயசுப் பெண் குரல்.
நாக்கு நுனி வரைக்கும் வந்தது பாய்.
அதற்குள் அவளே,
"ஒரே சத்தமா இருக்குதுங்களே,
கொஞ்சம் அக்கட்டால வந்து பேசுங்களேன்."

"வர முடியாதுங்க" என்றேன்,
எட்டாவது தறிக்கும் கேட்கும் குரலில்.

"ஏனுங்க?"

தாளை மடியில் விரித்தேன்.
அடித்திருந்த வரியிலிருந்து ஆரம்பித்தேன்.